டின்னில் கொட்டிய தலைவலித் தூளும் என் காதில் அடித்த மணியும்

சூலியா ஸ்திரீட், பினாங்கு
14 ஆகஸ்டு 1931

பெருமதிப்புக்குரிய மச்சான் மீரா சாகிப் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் முகம்மது கனி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். பாலிக் புலாவில் தாங்களும் தங்கள் ஜாதிக்காய் மரங்களும் செழிப்பாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கே தங்கள் தங்கை ஹாஜரா சுகம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நான் பட்டப்பகலில் டிராம் தண்டவாளத்தில் நின்று ஓதிக்கொண்டிருந்ததாகத் தங்களுக்குச் செய்தி வந்திருக்கும். செய்தி உண்மை. எனக்குப் பைத்தியம் என்பது மட்டும் பொய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் மூட்டை எண்ணும் கிராணியாக வெயிலில் நின்றபோது வராத தலைவலி, ஓய்வு பெற்று நிழலில் உட்கார்ந்ததும் வந்தது. தலைவலித் தூள் வாங்கினேன். வெள்ளைத் தூள், ஒரு வேளைக்கு ஒன்றாகக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். மடிப்பைப் பிரிக்கும்போது விரல் நடுங்கிப் பாதி வேட்டியில் கொட்டுகிறதே என்று, மூன்று டஜன் பொட்டலங்களையும் ஒரேயடியாகப் பிரித்துக் காலிப் பால் டின்னில் கொட்டிக் கரண்டி போட்டு வைத்தேன். காலையில் வெறும் வயிற்றில் கருங்கோப்பியோடு ஒரு கரண்டி. வலி நிற்காவிட்டால் இன்னொரு கரண்டி. ஹாஜரா, "என்னங்க, அது மருந்தா சீனியா?" என்று கேட்டாள். "தூள்தானே லா, ஊதினா பறந்துபோற சாமான், அது என்ன செய்யும்?" என்றேன்.

ஐந்தாம் நாள் முற்பகலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது மணி கேட்டது. மெல்லிய மணி. கரையை விட்டு வெகுதூரம் போய்விட்ட கப்பலில் யாரோ நிறுத்தாமல் அடிப்பது போல. ஜன்னலைத் திறந்தேன், கூடவில்லை. சாத்தினேன், குறையவில்லை. அடுப்படிக்குப் போனேன், குளியலறைக்குப் போனேன், தெருக்கோடி வரை நடந்து பார்த்தேன். எனக்கும் அதற்கும் இருந்த தூரம் ஒரு முழம்கூட மாறவில்லை. நான் நடந்தால் அதுவும் கூடவே வந்தது, நான் நின்றால் அதுவும் அங்கேயே நின்று அடித்தது. திரும்பி வந்து, "ஹாஜரா, மணிச்சத்தம் கேக்குதா?" என்றேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "மணியா? ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

மச்சான், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தங்களிடம் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசு என்று ஒரு மூட்டைத் தொழிலாளி இருந்தான். தோணிக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் வந்துகொண்டிருந்தவன், முற்பகல் பதினொன்றரைக்கு மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது கால் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தான். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் நூற்று எழுபத்து மூன்றாவது மூட்டையில் இருந்தேன். எண்ணிக்கை தப்பிவிடுமே என்று தலையைத் தூக்கவில்லை. நூற்று எழுபத்து நாலு என்று குறித்துவிட்டுத்தான் தூக்கினேன். தண்ணீரில் அவன் தலைப்பாகைத் துணி மட்டும் மிதந்தது. என் காதில் அடித்தது அந்த மதிய மணி. சந்தேகமே இல்லை.

அவன் பேரில் ஏழைகளுக்குச் சோறு போட்டேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். பயத்தில் தலைவலி கூடியது. தலைவலி கூடியதால் தூள் கூடியது. தூள் கூடக் கூட மணி கிட்டே வந்தது. ஒன்பதாம் நாள் ஹாஜரா எனக்கு எதிரே நின்று பேசினாள். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. தெருவில் மாட்டுவண்டிகள் சத்தமில்லாமல் போயின. பாங்கு சொன்னதே எனக்குத் தெரியவில்லை, ஆட்கள் பள்ளிவாசலை நோக்கி நடப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உலகமெல்லாம் கடலுக்கு அடியில் போய்விட்டது, மேலே மணி மட்டும் அடிக்கிறது. மூச்சு வாங்கியது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, தின்றதெல்லாம் வாந்தியில் போனது. அவன் என்னைக் கூப்பிடுகிறான் என்று முடிவு செய்துகொண்டு, அவன் விழுந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்கலாம் என்று துறைமுகத்துக்குக் கிளம்பினேன்.

தண்டவாளத்தைக் கடக்கும்போது மணி திடீரென்று பலமாக அடித்தது. வந்துவிட்டான் என்று கண்ணை மூடி நின்று ஓத ஆரம்பித்தேன். மணி அடித்தது டிராம் வண்டி. ஓட்டுபவர் என் மூக்கிலிருந்து இரண்டு சாண் தள்ளி நிறுத்தியதாகச் சொல்கிறார்கள்.

வண்டியிலிருந்து ஒரு மனிதர் இறங்கி வந்தார். ராமதாஸ் என்று பெயர், ஒரு மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் வேலை. என் கையைப் பிடித்து நாடி பார்த்தார், நான் மூச்சு விடுவதைக் கவனித்தார், என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார்: "அண்ணே! காதுல மணி அடிக்குதா?"

மயிர்க்கூச்செறிந்தது மச்சான். முன்பின் தெரியாத மனிதர், என் மண்டைக்குள் இருப்பதைக் கேட்டுவிட்டாரே! "உங்களுக்கும் கேக்குதா தம்பி?" என்றேன்.

"எனக்கு ஏன் கேக்கப்போகுது? தலைவலித் தூள் எத்தன சாப்டீங்க?"

"நாலு கரண்டி."

"ஒரு வாரத்துக்கா?"

"இன்னிக்கு."

அவர் உடனே கை தட்டி ரிக்ஷாக்காரனைக் கூப்பிட்டார். என்னை ரிக்ஷாவில் தூக்கிப் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். நாலு நாள் கட்டிலில் கிடந்தேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஹாஜரா விதவையாகி இத்தாவில் உட்கார்ந்திருப்பாள் என்று டாக்டர் கிட்டத்தட்ட அதே அர்த்தத்தில் ஆங்கிலத்தில் சொன்னார். மணி மெல்ல மெல்லத் தூரம் போய், நாலாம் நாள் நின்றது. ராமதாஸ் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தங்கள் வீட்டிலும் தூள் இருப்பதால்: "அண்ணே, அளவு இருக்கிறது அந்தக் காகித மடிப்புலதான். பிரிச்சு ஒண்ணாக் கொட்டினா அளவு போச்சு. ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம், சோறு தின்னப்புறம், தண்ணில நல்லாக் கலக்கிக் குடிக்கணும். அடுத்ததுக்கு நாலு மணி நேரமாவது போகணும். நாளைக்கு மூணுக்கு மேல வேணவே வேணாம். ரெண்டு நாள்ல வலி போகலன்னா தூளைக் கூட்டாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. காதுல சத்தம் வந்தா அது பேயில்ல, தூள் போதும்னு உடம்பு சொல்றது."

பால் டின்னை ஹாஜரா சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். ஆகவே மச்சான், எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. பேயும் இல்லை, மணியும் இல்லை. வாசுவுக்காக இப்போதும் துஆ செய்கிறேன். அது என் மனசுக்காக. தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும், தலைவலி அறியாத தலையும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
முகம்மது கனி

பி.கு.: கடிதத்தை மடிக்குமுன் ஹாஜராவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "உங்களுக்கு நின்னு போச்சாங்க?" என்றாள். "ஏன் கேக்குற?" என்றேன். "நீங்க பயப்படுவீங்கன்னுதான் அன்னிக்குக் கேக்கலன்னு சொன்னேன்" என்றாள். மச்சான், ஹாஜரா ஆயுசில் தலைவலித் தூளை நாக்கில் வைத்ததில்லை. இப்போது முற்பகல் பதினொன்றரை. எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் விரலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். தூக்குகிறாள். மறுபடியும் தூக்குகிறாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.