பாப்பா என்ன சொல்ல வருதுன்னா

அடுத்தவர் பேச்சைத் தன் வாயில் வாங்கிக்கொண்டு உழைக்கும் ஓர் இனம் உண்டு, கண்டிருக்கிறீர்களா? எதிரே இருப்பவர் மூச்சை இழுத்தால் போதும், அவர் சொல்ல வந்ததை இவர்கள் சொல்லி, விளக்கி, கைதட்டலும் வாங்கியிருப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர்கள் பக்கத்துப் பிள்ளையின் பிழைப்பையும் சேர்த்துப் பார்ப்பவர்கள்.

கே.கே. நகர் லூர்துராஜைப் பாருங்கள். மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆட்டிசம் உள்ளவர்களுக்காகச் சங்கம் நடத்துகிறார். தங்கமான மனிதர். சிக்கலே அதில்தான். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பேச்சாளர் எல்லாம் அவரே. ஆட்டிசம் உள்ளவர்கள்? அவர்கள் குரூப் போட்டோவில் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

போன மாதம் ஓர் உள்ளூர் டிவி, பவதாரிணி என்ற பெண்ணை நேரலைக்கு அழைத்தது. கொட்டாம்பட்டிக்காரர், வயது இருபத்தொன்பது, ஆட்டிசம் உள்ளவர். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து சிம்மக்கல்லில் ஒரு நோட்டுப் புத்தக மொத்தக் கடையில் சரக்கு சரிபார்க்கிறார். "எங்களப் பத்தி டாக்டர் பேசுறாங்க, அப்பா அம்மா பேசுறாங்க. எங்ககிட்டயும் கேளுங்க" என்று அந்த டிவிக்கு எட்டுக் கடிதம் எழுதிய பிறகுதான் பதிலே வந்தது. அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கேள்வி கேட்டால் பத்து வினாடி பொறுக்க வேண்டும். டிவிக்காரர்களோ, எதற்கும் இருக்கட்டும் என்று துணைக்கு லூர்துராஜையும் கூப்பிட்டுவிட்டார்கள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

தொகுப்பாளர் ஐரின் முதல் கேள்வியைக் கேட்டார்: "டிவியில, பேப்பர்ல உங்கள மாதிரி ஆளுங்களக் காட்டுற விதம் பிடிக்குதா பவதாரிணி?"

பவதாரிணி மேசையைப் பார்த்தபடி யோசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. லூர்துராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முப்பத்தைந்து வருட வகுப்பறை அனுபவத்தில், பதில் தெரியாத பிள்ளைதான் இப்படிக் குனிந்து நிற்கும். இன்ஸ்பெக்ஷன் அன்று அந்தப் பிள்ளையின் மானத்தையும் பள்ளிக்கூடத்தின் மானத்தையும் காப்பாற்றுவது யார் பொறுப்பு? நாலாவது வினாடியில் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா என்ன சொல்ல வருதுன்னா..."

பதினான்கு நிமிடம் சொன்னார். குரலற்றவர்களின் குரலாக வந்திருக்கிறேன் என்றார். தெய்வக் குழந்தைகள் என்றார். இவர்களைப் பேச விடுங்கள் என்று கண்கலங்கக் கேட்டுக்கொண்டார். பவதாரிணி இரண்டு தரம் கையைத் தூக்கினார். "பாருங்க, எம்புட்டு உற்சாகம்!" என்று அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துக் கீழே இறக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

நிகழ்ச்சி முடிய ஒரு நிமிடம்தான் பாக்கி. எட்டுக் கடிதமும் வீணாகப் போகிற நேரம்.

"சார்," என்றார் பவதாரிணி. "இப்ப நான் பேசப் போறேன். முடிக்கிற வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

லூர்துராஜ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பவதாரிணி யோசித்த பத்து வினாடியும் பொத்திய கையை எடுக்கவில்லை. பாவம், சூடான காபியை வாயில் வைத்துக்கொண்டு துப்ப இடமில்லாதவர் போலத் தவித்துப்போனார்.

"பிடிக்கல. எங்களக் காட்டும்போது அழுகைப் பாட்டுப் போடுறீங்க. நான் அழுகல, வேலைக்குப் போறேன். என்னையப் பாப்பான்னு கூப்பிடாதீங்க. அடுத்த தடவ துணைக்கு ஆள் வேணாம். நானே தனியா வாரேன்."

ஐரின் மிச்சமிருந்த கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டார். கேமராக்காரர் கைதட்டினார். எட்டுக் கடிதம் எழுதிய கைக்கு அது தகும்.

வாசலில் சூரியபிரகாஷ் என்ற நிருபர் ஓடி வந்தார். "மேடம், உங்க அடுத்த கோரிக்கை என்ன?"

பவதாரிணி யோசிக்க ஆரம்பித்தார். அருகிலேயே லூர்துராஜ் நின்றார். அவர் மனதில் துளி வருத்தமில்லை, பெருமைதான் பொங்கி வழிந்தது. இனிமேல் பாப்பா என்று சொல்லவே கூடாது என்று மனமார முடிவும் செய்திருந்தார்.

"தம்பி, பவதாரிணி என்ன சொல்ல வருதுன்னா..."

சிரிக்கிறீர்கள். இதே மாதிரி ஓர் ஆள் எங்கள் தெருவிலும் உண்டு என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் திரும்புகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் ஏற்கெனவே உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.