டிவி கேமா, கம்ப்யூட்டரா: டயர் அண்ணன் கணக்கு

நாமக்கல் வட்டாரத்தில் காசை ரூபாயில் எண்ணியவர்கள் ஏராளம்; டயரில் எண்ணியவர் டயர் அண்ணன் ஒருவர்தான். பட்டுச்சேலை அரை டயர். கல்யாணச் சாப்பாடு நாலு டயர். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்திருந்த மனிதர். வண்டியை வாங்கி நிறுத்திய பிறகுதான் செலவே ஆரம்பிக்கிறது என்பது லாரிக்காரர்களின் வேதம். அவர் அதை நாற்காலி வாங்குவது வரைக்கும் கொண்டுபோனார். "கால் தேஞ்சா, டயருக்குப் புது ரப்பர் ஒட்டறாப்ல ரீட்ரேடு பண்ண முடியுமாங்?" என்று கடைக்காரரைக் கேட்டிருக்கிறார்.

எண்பதுகளின் நடுவில், ஊருக்கு டிவி வந்த புதிதில், பரமத்தி ரோட்டில் எனக்கு ஒரு ரிப்பேர் கடை இருந்தது. ஒருநாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏனுங் தம்பி, டிவியில ஆடற ஆட்டம் இருக்குதாமே. பாப்பா கேக்குது."

பாப்பா அவருடைய ஒரே மகள் செல்வி. மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தைத் தொட்டுவிட்டது. ஆறு மாதம் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

சிங்கப்பூர் சரக்கில் இரண்டு வகை உண்டு என்றேன். ஒன்று டிவி கேம் பெட்டி. விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் அதற்கென்றே செய்த கெட்டிக் கேசட் வாங்கிச் செருக வேண்டும், அது யானை விலை. இன்னொன்று வீட்டுக் கம்ப்யூட்டர். விலை இரண்டு பங்கு. ஆனால் பாட்டுக் கேட்கிற சாதாரண டேப்பிலேயே ஆட்டம் வரும், சல்லிசு.

விசாரணை ஆரம்பமானது.

"மைலேஜ் எதுக்குங் ஜாஸ்தி?"

"ஆடற கைப்பிடி ஒடஞ்சா சாமான் சேலத்துல சிக்குமா, மெட்ராஸ் போவோணுமா?"

"அஞ்சு வருசம் ஓட்டிப்போட்டு வித்தா என்ன வருமுங்?"

தினமும் வந்தார். ரிப்பேருக்கு வந்த டிவியெல்லாம் வயிற்றைத் திறந்தபடி கிடக்க, நான் கேசட்டுக்கு டயர் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, புள்ள படுத்திருக்கப்போறது ஆறு மாசம். ஆறு மாசத்துக்கு டிவி கேம்தானுங்க சீப்பு. வாங்கிக் குடுத்துருங்க!"

எழுந்து நின்றுவிட்டார்.

"ஆறு மாசக் கணக்கு எங்கிட்டப் போடாதீங்க தம்பி. டாக்டரும் அதேதான், ஆறு மாசம் தாண்டட்டும், அப்பறம் பாக்கலாங்கறாரு. நீங்க இருவது வருசத்துக்குப் போடுங்க. எம்புள்ள இருவது வருசம் ஆடறதுக்கு எது சீப்பு?"

"கம்ப்யூட்டருங்ணா" என்றேன்.

கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் கோடையில் கரண்ட்டும் நினைத்தபோது போனது. டேப்பிலிருந்து ஆட்டம் ஏறி முடிவதற்குள் எல்லாம் அணைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பாப்பா போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்வாள்.

ஒருநாள் அதைப் பார்த்துவிட்டவர், மறுநாளே லாரியைக் கொண்டுவந்து பாப்பாவின் ஜன்னலோரம் நிறுத்திவிட்டார். அதன் பேட்டரியிலிருந்து உள்ளே ஒயர் இழுத்து, டிவியும் கம்ப்யூட்டரும் ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தேன். பேட்டரி இறங்கும்போதெல்லாம் எஞ்சினை ஓடவிட்டார். புகை பாப்பா பக்கம் வராமல் வண்டியைத் திருப்பி நிறுத்தியதில், பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இருவரோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் வந்து தலையைச் சொறிந்தார். "மொதலாளி, முட்டை லோடு காத்துக் கெடக்குதுங்."

"வேற வண்டியப் பாத்துக்கச் சொல்லு. நம்ம வண்டி லோடுல இருக்குது."

டீசல் எவ்வளவு, விட்ட வாடகை எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறு மாதம் முடிந்து, பாப்பா எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று கடைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இன்னும் பத்தொம்பதரை வருசம் பாக்கி இருக்குதுங் தம்பி" என்றார்.

அத்தனை வருடமும் இந்த மனிதர் தினமும் வந்து என் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.