கோஜி அறையின் வெள்ளி மணி

மீசையில் ஒரு நூல் தொங்குவதை மிசோ என்னும் சோயா விழுது விற்கும் கடையின் கண்ணாடியில் குமாசாகி பார்த்தார். சிலந்தி நூல் மாதிரி மெல்லியது. காலை வெயில் பட்டு மினுக்கியது. துடைத்தார், நீண்டது. இன்னொரு தரம் துடைத்தார், தெருமுனைப் பாலம் வரைக்கும் போய்விடும் போலிருந்தது.

நாட்டோ. நொதித்துக் கொழகொழவென்று நூல்விடும் சோயா அவரை. அவர் மனைவி மிட்சுவே அதைத் தனக்காகக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கொல்லையில் பனி தள்ளப் போயிருந்தாள். பேப்பர் படித்த ஜோரில் இவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டார்.

வேறு நாளென்றால் பரவாயில்லை. இன்று சாக்கே என்னும் அரிசி மது வடிக்கும் ஆலைகளைச் சுற்றிக்காட்டும் நாள். சாக்கேக்காரர்கள் புலியைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விடுவார்கள். நாட்டோ தின்றவனை விடமாட்டார்கள். வெந்த அரிசியில் கோஜிப் பூஞ்சையைப் பூக்கவைக்கிறார்களே, அந்த அறைக்குள் நாட்டோவின் கிருமி நுழைந்தால் கோஜியை அது விழுங்கிவிடும். அந்தக் குளிர்காலத்துச் சாக்கே மொத்தமும் ஆற்றோடு போகும்.

அதுவும் இன்றைக்கா இப்படி ஆகவேண்டும்? பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற குமாசாகி, தகாயாமாவின் பழைய தெருக்களில் வழிகாட்டியாகப் பல குளிர்காலம் கண்டவர். யுகிமோரி ஆலையின் கோஜி அறையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பனிமனிதனுக்கும் மயிர் சிலிர்க்கும். ஒரே தேவதாருவைக் குடைந்த சுவர்கள், நிலா போலத் தொங்கும் செப்பு விளக்கு, தூங்கும் கோஜியை எழுப்ப ஒரு வெள்ளி மணி.

அந்த அறையை அவர் பார்த்ததே இல்லை என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. யுகிமோரிக்காரர்கள் வெளியாள் எவரையும் உள்ளே விட்டதில்லை. இந்த வருஷம்தான், என்ன தோன்றியதோ, முதல்முறையாகத் திறக்கிறார்கள். சாவதற்குள் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தவம் கிடந்தவர் குமாசாகி.

பின்னால் ஒசாகாவிலிருந்து வந்த கூட்டம். ஒசாகாக்காரர்களுக்கு நாட்டோ என்றாலே குமட்டும். அவர்களில் நிஷிவாகி அம்மாளின் மூக்கு போலீஸ் நாய்க்குப் பாடம் எடுக்கிற மூக்கு.

"ஏதோ நாறுதே. ஈர சாக்ஸா?"

"பழைய ஊரும்மா. அப்படித்தான் இருக்கும்."

அடுத்த ஆலையில் ருசி பார்க்கச் சின்னக் கிண்ணத்தில் சாக்கே தந்தார்கள். குமாசாகி வாய் நிறைய ஊற்றிக் கொப்பளித்து வாசல் பனியில் துப்பினார். திரும்பினால் கூட்டம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"இதா? வாய் சுத்தி. கோஜி அறைக்குப் போறவங்க செஞ்சே ஆகணும்."

ஒசாகாக்காரர்கள் பயபக்தியோடு கொப்பளித்தார்கள். ஆனால் எதையும் வீணாக்குகிறவர்கள் இல்லை, அப்படியே விழுங்கினார்கள். சுத்தம் போதவில்லை என்று மறுபடியும் கிண்ணத்தை நீட்டினார்கள்.

வாடை போகவில்லை. எதிர்க்கடையில் சிவப்பு முள்ளங்கி ஊறுகாயை வாங்கி மென்றார். வாடை அப்படியே இருக்க, வாயும் மீசையும் மட்டும் நாடகக்காரன் மாதிரி சிவந்துவிட்டன.

"இதுவும் சம்பிரதாயமா?" என்றாள் நிஷிவாகி அம்மாள், சற்றே ஆடியபடி.

"பின்னே? ரொம்பப் பழசு."

எல்லோரும் மென்றார்கள். எல்லோர் வாயும் சிவந்தது.

கடைசி வழியாகக் குமாசாகி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். கேள்வி வருமுன் தாமே சொல்லிவிட்டார். "இனிமே யாரும் பேசக்கூடாது. கோஜி தூங்குது."

ஒரு நொடியில் எல்லோர் முகத்திலும் கவசம் ஏறியது. அப்புறம் யாருக்காவது விக்கல் வந்தால், விக்கியவர் உடனே யுகிமோரி இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

புதுச் சாக்கே இறங்கிவிட்டது என்பதற்கு அடையாளமாகப் பச்சைத் தேவதாரு உருண்டை தொங்கிய வாசலில், தள்ளாடும் மௌன ஊர்வலம் வந்து நின்றது. தலைமை சாக்கேக்காரர் இவாஷிதா எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன ஒகினு, யாராவது செத்துட்டாங்களா?"

வாசலில் செருப்பு எடுத்துவைக்கிற ஒகினு நிமிரவே இல்லை. "நம்ம குமாசாகி சானோட ஆளுங்க. அவர் கூட்டிட்டு வந்தா அப்படித்தான் இருப்பாங்க."

உள்ளே நுழைந்ததும் குமாசாகிக்கு நாட்டோ மறந்தது. வீட்டு உயரத் தொட்டிகள் வரிசையாக நின்றன. அடுப்பில்லாமலே உள்ளே எதுவோ கொதித்தது. தூரத்து மலையில் மழை இறங்குகிற ஓசை. காற்றில் பேரிக்காய் வாசனை, அதன் அடியில் வெந்த சோற்றின் வாசனை. எத்தனையோ பொய் சொன்ன வாய், சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கவசத்துக்குள் திறந்தபடி கிடந்தது.

தடித்த ஒரு மரக்கதவின் முன்னால் இவாஷிதா நின்றார்.

"இதுதான் கோஜி அறை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு யாராவது நாட்டோ சாப்பிட்டீங்களா?"

ஒசாகாவே தலையை ஆட்டி மறுத்தது. குமாசாகியும் ஆட்டினால் முடிந்தது காரியம். கழுத்து இடப்பக்கம் திரும்பக்கூடச் செய்தது. தொட்டிகளுக்குள் மழை பெய்துகொண்டே இருந்தது. அவ்வளவையும் தன் மீசை ஒன்று குடித்துவிடும் என்று நினைத்தார்.

கவசத்தை இறக்கினார். "நான் சாப்பிட்டேன். மீசையில இன்னும் இருக்கு. கொப்பளிச்சது, ஊறுகா தின்னது, பேசாம வந்தது எல்லாம் அதை மறைக்கத்தான். இவங்களைக் கூட்டிட்டுப் போங்க. நான் அந்தத் தூண்கிட்ட நின்னுக்கறேன்."

"சாக்ஸ் இல்லியா அது?" என்றாள் நிஷிவாகி அம்மாள்.

இவாஷிதா ஓரக்கண்ணால் ஒகினுவைப் பார்த்தார். ஒகினு இடுப்பில் கட்டிய துணியால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று குமாசாகிக்குத் தோன்றியது. இவாஷிதா அவருக்கு ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

தூணருகில் நின்றபடியே குமாசாகி பார்த்தார்.

தேவதாருச் சுவர், ஒரு இணைப்பு தெரியாமல். மெல்லிய ஆவிக்கு நடுவே செப்பு விளக்கு, சாட்சாத் நிலா. அதன் கீழே அரிசி, யாரும் கால் வைக்காத முதல் பனி போல. மூலையில், சிவப்புக் கயிற்றில், வெள்ளி மணி.

வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தாரே, அத்தனையும் அங்கே இருந்தது. இது தன் பொய்யே இல்லை. மலைத் தெய்வம்தான் தன் நாக்கில் ஏறிப் பேசியிருக்கிறது. கண்ணீர் இறங்கி, சிவந்த மீசையில் மிச்சமிருந்த நாட்டோவோடு கலந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே இருக்குங்க, ஒரு வார்த்தை பிசகாம" என்று உள்ளேயிருந்து நிஷிவாகி அம்மாள் குரல் நடுங்கக் கிசுகிசுத்தாள். கூட்டம் முழுதும் அவர் பக்கம் திரும்பிக் குனிந்தது.

ஒகினு ஒரு ஜோடி செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். காதருகே குனிந்தாள்.

"தாராளமா உள்ள வாங்க, குமாசாகி சான், நாட்டோ இங்க ஒண்ணும் பண்ணாது. நிஜ அறை பின்கட்டுல இருக்கு, வெறும் தகரமும் தெர்மாமீட்டரும்தான். வர்றவங்கல்லாம் நீங்க சொன்ன அறை எங்க, எங்கன்னு உயிரை வாங்கினாங்களா, அதான் போன கோடையில உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு ஆசாரியை வெச்சு இதைக் கட்டினோம். அந்த மணிதான் ஒருநாள் இடப்பக்கம்ங்கறீங்க, ஒருநாள் வலப்பக்கம்ங்கறீங்க, எங்க மாட்டணும்னு இன்னிக்காவது ஒரே முடிவாச் சொல்லிட்டுப் போங்க."