கால்வாய்க் கரையில் ஆரஞ்சு தின்றவன்

அன்புள்ள தங்கை மகன் நாதிருக்கு,

இஸ்மாயிலியாவிலிருந்து உன் தாய்மாமன் சப்ரி எழுதுவது. இறைவன் கிருபையால் உன் மாமியும் மகள் நிஹாலும் உடம்புக்குச் சுகம். எனக்கு மூட்டுவலிகூடக் குறைந்திருக்கிறது. மானம்தான் கப்பலேறி, சூயஸ் கால்வாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

எழுபத்து மூன்றாம் வருஷப் போரைப் பற்றிய உன் நாவலைப் படித்தேன். அதில் சிப்பாய்கள் எல்லோரும் ராப்பகலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்க்கரையை முறைத்தபடியே இருக்கிறார்கள். ஒருவன் தலையிலும் பேன் இல்லை, ஒருவனுக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, டீக்குச் சர்க்கரை போதவில்லையென்று ஒருவனும் சண்டை போடவில்லை. அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் நடுவில் ஒருவன் மட்டும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டு ஆரஞ்சு தின்கிறான், கோழையாம், சோம்பேறியாம், பெயர் சப்ரியாம்! அடேய், உனக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

அது உத்தரவு என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்? இவர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று எதிர்க்கரை இஸ்ரேல்காரன் நினைக்கட்டும் என்றுதான் அதிகாரி எங்களைப் பொறுக்கியெடுத்துக் கரையில் உட்காரவைத்தார். கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், "ஏய், மிடுக்கா எந்திரிக்காதடா, சோம்பேறி மாதிரி எந்திரி!" என்பார். எதிர்க்கரைத் துப்பாக்கி நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரித்த முகமாகச் சுளை உரித்துப் பார், தெரியும். பக்கத்தில் இருந்த வஹீப், "சப்ரி, கை நடுங்குதுடா, எனக்கும் நீயே உரிச்சுக் குடு" என்பான். கால்வாயைக் கடந்த அன்றே அவன் போய்விட்டான். அவனை நினைத்தால் எனக்கு இன்றும் அழுகை வருகிறது. உன் நாவலில் அவனுக்கு ஒரு வரி இல்லை. கேட்டால், "மாமா, உத்தரவு போட்டு ஆரஞ்சு தின்னாங்கன்னு எழுதினா யாரு நம்புவா?" என்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிஹாலுக்கு நிச்சயம் செய்வதாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஹாஜி தஸூகி உன் புத்தகத்தைப் படித்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க, யோசிக்கணும்" என்று சொல்லியனுப்பிவிட்டார். நிஹால் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். உன் மாமியோ, "ஊரே சண்டை போட்டுச்சு, நீங்க ஆரஞ்சு தின்னீங்க. இப்ப பொண்ணு வாழ்க்கையையும் சேத்து முழுங்கிட்டீங்க" என்கிறாள். ஆகவே அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை அடியோடு எடுத்துவிடு. இல்லையென்றால் என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே.

உன் அம்மாவுக்கு என் ஸலாம். உன் பிள்ளைகள் நோய்நொடியின்றி வளரட்டும், உன்னைப்போல் எழுதாமலும் இருக்கட்டும்.

உன் மாமன்,
சப்ரி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஹாஜி தஸூகியே வந்துவிட்டார். கதவைச் சாத்தச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, அது உத்தரவுதானே? எங்க படைப்பிரிவுல என்னையத் தண்ணியில குதிச்சு விளையாடச் சொன்னாங்க. அது உத்தரவுன்னு சொன்னா வீட்டுக்காரி நம்பாம இன்னிக்கு வரைக்கும் சிரிக்கிறா" என்றார். இதை எப்படிக் கேட்பது என்றுதான் யோசித்தாராம்! ஆகவே அத்தியாயத்தில் கை வைக்காதே. உத்தரவைச் சேர், வஹீபைச் சேர், நீந்துகிற தஸூகி ஒருவரையும் சேர். அப்போது ஒல்லியாக இருந்தாராம், அப்படியே எழுது. நிச்சயம் சொன்னபடி வெள்ளிக்கிழமையேதான்; வரும்போது அந்தப் பக்கங்களைக் கையோடு கொண்டுவா. ஃபாத்திஹா முடிந்ததும், பெண்கள் இருக்கும் அறைக்குக் கேட்கிற மாதிரி நீ உரக்கப் படிக்க வேண்டும்.