நடுவருக்கு மார்க் போட்ட கதை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஞாயிறு கால்பந்து நடுவர் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தில், படிவம் ஏழு–ஆவைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றில் கடைசிதான் பெரியது என்பதில் சங்கத்துக்குள் இரண்டு கருத்து இல்லை. நெருப்பை வைத்துச் சுடத்தான் முடியும். படிவம் ஏழு–ஆவை வைத்து, ஒரு மனிதன் நூற்றுக்கு எத்தனை பங்கு நடுவர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன்பு இருண்ட காலம். நடுவர் எப்படி என்று தெரிய வேண்டுமானால், விளையாடியவர்களிடமே போய்க் கேட்கும் காட்டுமிராண்டிப் பழக்கம் இருந்தது. "நல்ல மனுஷன்பா" என்பார்கள். நல்ல மனுஷனுக்கு எத்தனை மார்க்? ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை படிவத்தின் முன் நிறுத்தப்பட்டவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். கடையும் சிறியது, ஆளும் சிறியவர். வாரத்தில் ஆறு நாள், "இது தெளிவா தெரியுதா, இல்ல அதுவா?" என்று கேட்டுக் கேட்டு லென்ஸ் மாற்றுவார். ஏழாவது நாள் கறுப்புச் சட்டை போட்டு, விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்குவார். எல்லோரும் அவரைக் 'கண்ணாடி' என்றே கூப்பிட்டார்கள். "யோவ், கண்ணு தெரியலையா?" என்று கத்தினால், "எனக்கு ஆறுக்கு ஆறு. உங்களுக்குத்தான் மைனஸ் ஒன்றரை, போன மாசம் நான்தானே டெஸ்ட் பண்ணேன்" என்று ஆதாரத்தோடு பதில் சொல்லக்கூடிய நடுவர் உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் பன்னிரண்டு வருடமாக அவர் மூன்றாம் வகுப்பு நடுவர்தான். இரண்டு முறை மதிப்பீடு நடந்து, இரண்டிலும் கோட்டை விட்டிருந்தார். "ஆட்டத்தில் நடுவர் இருந்ததாகவே தெரியவில்லை" என்று முதல் அறிக்கை கண்டித்தது. இரண்டாவது அறிக்கை அதையே சிவப்பு மையில் சொன்னது. இது மூன்றாவது முறை, கடைசி முறை. ஐம்பதுக்குக் கீழே போனால் விசிலைச் சங்க அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

விசில் போனால் என்ன போகும் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும். கடையில் வாடிக்கையாளர் பேச்சை அவர் கேட்க வேண்டும். வீட்டில் மகள் பேச்சைக் கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருபத்திரண்டு பேர் அவர் பேச்சைக் கேட்டார்கள். அந்த ஒன்றரை மணியை நம்பித்தான் மனிதர் மீதி வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அதனால் அன்று அந்த அம்மாள் வேலையெல்லாம் போட்டுவிட்டு மைதானத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மதிப்பீட்டாளர் சரியாக நேரத்துக்கு வந்தார். எடை, அளவுகள் துறையில் முப்பது வருடம் கடை கடையாகத் தராசைச் சோதித்து ஓய்வு பெற்றவர். கையில் மடக்கு நாற்காலி, குடை, கோணமானி, கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஓர் எண் கூடும் சின்னப் பொறி. கால்பந்தை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

"பாரபட்சம் வந்துடக் கூடாது பாருங்க" என்றார்.

ஆட்டம் ரொட்டி ஆலைக்கும் தபால் அலுவலகத்துக்கும். ரொட்டி ஆலையின் கேப்டனுக்கு 'அடுப்பு' என்று பெயர். அடுப்படியில் வேலை, குணமும் அதே சூடு. மூக்குக் கண்ணாடியை ரப்பர் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுவார். தபால்காரர்களில் 'முத்திரை' என்று ஒருவர் உண்டு. வேகமாக முத்திரை குத்துவார். கடிதத்திலும் குத்துவார், கணுக்காலிலும் குத்துவார்.

பத்தாவது நிமிடம் அடுப்பின் கணுக்காலில் ஒரு முத்திரை விழுந்தது. அடுப்பு கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார். அதற்குள் நம் கண்ணாடி அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் புது ஃப்ரேம் காதுகிட்ட இறுக்குதுன்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?"

ஓங்கிய கை காதுக்குப் போயிற்று. "வலது பக்கம் மட்டும் கொஞ்சம் இறுக்குதுப்பா."

"நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க. ஒரு நிமிஷ வேலை."

காதைப் பற்றி யோசித்துக்கொண்டே ஒரு மனிதனால் கோபமாக இருக்க முடியாது. கண்ணாடி அடுத்து முத்திரையிடம் ஓடினார். "தம்பி, ஒரு தபாலுக்கு ஒரு முத்திரை போதும். திரும்பத் திரும்பக் குத்தாதே." முத்திரை சிரித்துவிட்டார். ஆட்டம் தொடர்ந்தது.

இதுதான் அவருடைய ஆட்ட முறை. சண்டை வந்த பிறகு விசில் அடிப்பதில்லை. சண்டை வருகிற வழியிலேயே போய் நின்று அதனிடம் குசலம் விசாரிப்பார். முதல் பாதியில் இரு பக்கமும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். கோல் விழுந்தபோது எதிர் டீம்காரர்களே இரண்டு பேர் கை தட்டினார்கள். ஓரத்தில் டிக், டிக், டிக் என்று பொறி மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இடைவேளையில் மதிப்பீட்டாளர் அவரைக் கூப்பிட்டார். இழவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"விசில் நாலு தடவைதான் அடிச்சிருக்கீங்க. சங்கத்தோட சராசரி முப்பத்தொண்ணு."

"தேவைப்படல சார்."

"தேவைப்பட்டுதான்னு படிவத்துல கேக்கலையே? அட்டை எடுக்கும் வேகம்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க அட்டையே எடுக்கல. நான் என்னத்தை அளக்கறது? 'மோதலைக் கையாளுதல்'னு ஒரு கட்டம். மோதலே இல்ல. காலியா விட்டா பூஜ்யம்."

"ஆட்டம் நல்லாத்தானே சார் போகுது?"

"ஆட்டமா? ஆட்டத்தை நான் பாக்கறதில்லையே. மதிப்பீட்டாளர் நடுவரை மட்டும்தான் பாக்கணும், கவனம் சிதறக் கூடாதுன்னு விதி. ஆமா, கோல் ஏதாவது விழுந்துதா?"

"ரெண்டு சார்."

"சந்தோஷம். இப்ப விஷயத்துக்கு வாங்க. 'தேவையற்ற உரையாடல்.' நாப்பத்தேழு தடவை பேசியிருக்கீங்க. ஒரு பேச்சுக்கு அரை மார்க் கழிவு. அடியாத மாடு படியாதுங்க. பேசிப் பேசி யாரைத் திருத்த முடியும்? இதுவரைக்கும் உங்களுக்கு வந்திருக்கறது பதினொண்ணு."

"ஐம்பதுக்கா சார்?"

"நூத்துக்கு."

கண்ணாடி தண்ணீர் குடிக்க மனைவியிடம் போனார். பாட்டிலை வாங்கிப் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"என்னவாம்?" என்றாள் அவள்.

"பேசக் கூடாதாம்."

"யாரு, நீங்களா?" அவள் சிரிக்கப் போய், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லித்தான் எங்க அப்பா உங்களுக்கு என்னைக் கொடுத்தாரு. அந்த வாயையும் மூடிட்டா உங்ககிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

"விசில் இருக்கும்" என்றார் கண்ணாடி.

இரண்டாம் பாதி தொடங்கியது. இங்கிருந்துதான் நம் நடுவரின் பொற்காலம். மார்பை நிமிர்த்தினார். வாயைப் பூட்டினார்.

ஐந்தாவது நிமிடத்திலேயே முத்திரை தன் வழக்கமான இடத்தில், வழக்கமான கணுக்காலில் குத்தினார். விசில் பறந்தது. நடுவரின் கை கோணமானியே வெட்கப்படும்படி நேராக உயர்ந்தது. மறு கை பைக்குள் போய் அட்டையை எடுத்து நீட்டியது. அது கடையின் விசிட்டிங் கார்டு. முத்திரை அதை வாங்கிப் படித்துவிட்டு, "ஞாயிறு விடுமுறைன்னு போட்டிருக்கு, அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றார். கண்ணாடி மறு பையில் கையை விட்டு மஞ்சள் அட்டையைத் தேடி எடுத்தார். பல வருடம் சட்டையோடு சேர்ந்து துவைபட்டதில் அது மோர் நிறத்துக்கு வந்திருந்தது.

அடுப்பு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நடுவரையே பார்த்தார். அடுத்து காதைப் பற்றி விசாரிப்பார் என்று காத்திருந்தார். நடுவர் வானத்தைப் பார்த்தார்.

"என்ன கண்ணாடி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

நடுவர் விசிலைத் துடைத்தார்.

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனாப்பா?"

ஆட்சேபம் தெரிவித்ததற்காக அடுப்புக்கும் ஓர் அட்டை கிடைத்தது. ஓரத்தில் மதிப்பீட்டாளர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அடுப்புக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை வழியில் நிறுத்திக் குசலம் கேட்க ஆளில்லை. நேராகப் போய் முத்திரையின் சட்டையைப் பிடித்தார். முத்திரை, "உங்க ரொட்டியைத் தூக்கிப் போட்டா எங்க ஆபீஸ் ஜன்னல் உடையும்யா!" என்றார். அடுப்பு, "எங்க தங்கச்சி கல்யாண அழைப்பிதழ், அவளுக்குக் குழந்தை பொறந்தப்புறம்தான்டா வந்து சேந்துச்சு!" என்றார். பன்னிரண்டு வருடமாக ஒருவருக்கொருவர் மரியாதை கருதிச் சொல்லாமல் வைத்திருந்த உண்மைகள் எல்லாம் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தன. பின்னாலேயே கைகள் வந்தன. இரண்டு கோல்கீப்பர்களும் அந்தக் கோடியிலிருந்தும் இந்தக் கோடியிலிருந்தும் ஓடி வந்து, நடுவில் ஒருவரையொருவர் சந்தித்து, யார் முதலில் அடிப்பது என்று தெரியாமல் கைகுலுக்கிவிட்டு அடித்துக்கொண்டார்கள். மூலைக்கொடியை யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

"கோணம்! அந்தக் கையோட கோணம்!" என்று மதிப்பீட்டாளர் எழுந்து நின்று ஆனந்தப்பட்டார். நடுவர் விசில் அடித்தார், அட்டை நீட்டினார், மறுபடி விசில் அடித்தார்.

தூசி கொஞ்சம் அடங்கியபோது அடுப்பு தரையில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி இரண்டாக உடைந்து காதுக்கொரு பாதியாகத் தொங்கியது. நம் கண்ணாடி தன் கையால் ஒரு வாரம் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தது.

"கண்ணாடி, கண்ணாடி உடைஞ்சு போச்சுப்பா" என்றார் அடுப்பு, எதிரில் நிற்பது யார் என்று சரியாகத் தெரியாமல்.

நடுவருக்குத் தொண்டை வரை வார்த்தை வந்துவிட்டது. வாய்கூடத் திறந்தது. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் பொறியின் மேல் தயாராக நின்றது. வாய் மூடிக்கொண்டது. கை மட்டும் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அடுப்பின் முகத்துக்கு நேரே நீட்டியது.

"இது என்ன கலர்பா?" என்று கேட்டார் அடுப்பு. "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

நடுவர் சொல்லவில்லை. வேறு யாரோ வந்து, அது சிவப்பு என்று சொல்லிக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். எழுபத்தோராவது நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று மனைவி பாட்டிலை மூடிக்கொண்டு, புருஷனுக்காகக் காத்திராமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உடை மாற்றும் அறையில் மதிப்பீட்டாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தொண்ணூத்தி நாலு! ரெண்டு பாதியில எது அதிகமோ அதுதான் கணக்கு. சங்க வரலாற்றுலயே இல்ல. மூணாம் வகுப்புலேருந்து நேரா முதல் வகுப்பு!"

"மீதி ஆறு சார்?"

"சாக்ஸ். இடது பக்கம் இறங்கியிருந்தது."

"ஆட்டம் பாதியில நின்னு போச்சே சார். மூணு பேருக்குத் தையல் போடறாங்க."

மதிப்பீட்டாளர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லைங்க. நீங்க இதை மட்டும் நிரப்பிக் கொடுங்க. 'இன்றைய வெற்றிக்கு நடுவர் செய்தது என்ன?'"

கண்ணாடி பேனாவை வாங்கினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஆளைப் போல எழுதினார்: "மனிதர்களிடம் பேசுவதை நிறுத்தினேன்."

"பிரமாதம்! நச்சுன்னு இருக்கு!" என்றார் மதிப்பீட்டாளர்.

அடுத்த வாரமே அந்த வாக்கியம் சுற்றறிக்கையாகி, சங்கத்தின் ஐம்பத்து மூன்று நடுவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்று மாதத்தில் ஐம்பத்து மூன்று பேரும் முதல் வகுப்புக்கு உயர்ந்தார்கள். டீம்கள்தான் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ரொட்டி ஆலைக்காரர்கள் சீட்டாடப் போனார்கள். சீட்டுக்கு நடுவர் கிடையாது. தபால்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்கினார்கள்.

ஆனால் சங்கத்தின் அட்டவணை நிற்கவில்லை. பருவத்தின் இறுதி ஆட்டத்துக்கு முதல் வகுப்பு நடுவர் கண்ணாடி உரிய நேரத்தில் மைதானத்துக்கு வந்தார். அங்கே ஓர் ஈ காக்கை இல்லை. மடக்கு நாற்காலியில் மதிப்பீட்டாளர் மட்டும், கண்ணை எடுக்காமல் நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நடுவர் விசில் அடித்தார். காற்றில் பந்து கொஞ்சம் உருண்டது. மறுபடி அடித்தார். கையை உயர்த்தினார், இறக்கினார், ஓடினார், நின்றார். அந்தப் பருவத்தில் தொண்ணூறு நிமிடமும் முழுசாக நடந்து முடிந்த ஒரே ஆட்டம் அதுதான்.

மதிப்பீட்டாளர் ஓடி வந்தார். கண்ணில் நீர் தளும்பியது. "எல்லாக் கட்டத்துலயும் முழு மார்க்! 'குழு உணர்வு' ஒண்ணுதான் பாக்கி. ஒரு கூச்சல் இல்ல, ஒரு தள்ளுமுள்ளு இல்ல. ஆட்டக்காரங்களை எப்படிங்க இப்படி அடக்கினீங்க?"

வெகு நாளைக்குப் பிறகு முதல் முறையாக, மைதானத்தில் கண்ணாடி வாயைத் திறந்தார்.

"எல்லாரையும் வெளியே அனுப்பிட்டோம் சார். நீங்களும் நானும் சேர்ந்து."

'சேர்ந்து' என்றதும் மதிப்பீட்டாளரின் முகம் மலர்ந்தது. 'குழு உணர்வு' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார்.