நாற்பது பேர் சொன்ன ஆமாங்க

என் மேல் மோசடிப் பழி விழுந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் செய்யாத மோசடிக்கு. அந்தப் பழியைத் துடைக்கிறேன் என்று கிளம்பித்தான் உண்மையான மோசடி ஒன்றைச் செய்தேன். அதில் மறுநாளே மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் எம்.எட். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். (வைத்த காலை எடுக்க மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவளும் நான்தான்.) படிப்பை முடிக்க ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஆராய, நான் மட்டும் ‘வகுப்பறைக்கு வெளியே பெண் தொழிலாளர்கள் கற்கும் முறை’ என்று தலைப்பு எடுத்தேன். வகுப்பறைக்கு வெளியே இருப்பவர்கள் எனக்குத் தாராளமாகக் கிடைப்பார்கள். போத்தனூரைத் தாண்டி மதுக்கரை போகிற வழியில் இருக்கும் எங்கள் தெருவே அப்படித்தான். பெண்கள் எல்லோரும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவும்தான். ஆனால் சொந்தக்காரர்களைச் சேர்த்தால் ஆய்வு கெட்டுவிடும் என்று அம்மாவை விலக்கி வைத்தேன். (எங்கள் தெருவில் எனக்குச் சொந்தமில்லாதவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.)

முப்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரை. கஞ்சி போட்ட சேலையும் கிளிப் வைத்த அட்டையுமாக, வெங்காயக் கொட்டகையில் போய் நின்றேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காலால் மிதித்த அரிவாளில் சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ராமாத்தாள் அக்கா. சிறு வயதில் என்னைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய்க் குளிக்க வைத்தவர்.

“சொல்லுங்க அம்மணி” என்றார்.

அந்த ‘ங்க’ எனக்குத் தேனாக இனித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

“தொழில்சார் திறன்களை உற்றுநோக்கல் வாயிலாகவே தாங்கள் பெற்றுள்ளீர்கள். இதை ஒப்புக்கொள்கிறீர்களா?”

“ஆமாங்க.”

“முழுமையாகவா, ஓரளவுக்கா?”

“முழுசாவே வெச்சுக்குங்க அம்மணி.”

கூடப் படித்தவர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள். நான் நாற்பது படிவங்களையும் நாலே நாளில் முடித்தேன். எல்லாம் நம் அணுகுமுறை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை என் வழிகாட்டிப் பேராசிரியர் கமலவேணி மேடம் கூப்பிட்டனுப்பினார். படிவக் கட்டு மேசை மேல் இருந்தது.

“ஏழாவது வாக்கியம், வேலையை அடுத்தவங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். இருபத்திரண்டாவது, அடுத்தவங்களைப் பார்த்து எதையுமே கத்துக்கலை. ரெண்டுக்கும் ஆமாம். நாப்பது பேருமா?”

“ஆமாங்க மேடம்.”

“ஹாஸ்டல்ல உக்காந்து நீயே டிக் அடிச்சியா?”

நான் இல்லை என்றதை அவர் நம்பவில்லை. பொய்ப் படிவம் என்று நிரூபணமானால் பிரின்சிபாலிடம் போகும், படிப்போடு கதை முடியும் என்றார். சனிக்கிழமை தானே ஊருக்கு வந்து நாலைந்து பேரைக் கேட்டுப் பார்க்கப்போவதாகவும் சொன்னார். நான் அழவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன். எங்கள் தெருவில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வயதுக்கு வந்த பிறகும் அவர்களைப் பள்ளியை விட்டு நிறுத்தாமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், ‘அதோ அவ படிக்கலையா’ என்று காட்ட நான் இருந்ததுதான். அந்த ‘அவ’ திருட்டுப் பட்டத்தோடு வீடு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

இப்போது யோசித்தால் தெரிகிறது. நான் ஒன்றுமே செய்யாமல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் போதும். அவர்கள் மேடத்திடமும் எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்றே சொல்லியிருப்பார்கள். படிவம் உண்மை என்று ஆகியிருக்கும். ஆனால் எம்.எட். படிக்கிற மூளைக்கு அவ்வளவு எளிய வழி எங்கே தோன்றும்?

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். ராமாத்தாள் அக்காவையும் மருதாயி அத்தையையும் இன்னும் மூன்று பேரையும் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன்.

“நாளைக்கு எங்க காலேஜ் மேடம் வர்றாங்க. நீங்க அஞ்சு பேரும் வாசல்கிட்ட உக்காந்துக்குங்க, உங்ககிட்டத்தான் கேப்பாங்க. எல்லாத்துக்கும் ஆமாங்கன்னு சொல்லாதீங்க. இல்லைன்னு சொல்லுங்க.”

“ஏனுங்க அம்மணி, நாங்க ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டமுங்களா?” என்றார் ராமாத்தாள் அக்கா. முகம் வாடிப்போயிற்று.

“தப்பில்லீங்கக்கா. நீங்க ஆமாங்கன்னா என்னைக் காலேஜ விட்டு அனுப்பிப்போடுவாங்க.”

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருதாயி அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றினார்.

“அவ்வளவுதானுங்களா? நீங்க போய்த் தூங்குங்க. நாங்க பாத்துக்கறமுங்க.”

அந்த ‘பாத்துக்கறமுங்க’ காதில் விழுந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் போய்த் தூங்கினேன்.

சனிக்கிழமை மேடம் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். நான் சொல்லி வைத்த ஐவரும் வாசலருகிலேயே விசேஷத்துக்குக் கட்டும் சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உள்ளே தூரத்தில் வெங்காயத்தோடு இருந்தார். நேற்று நடந்தது அவருக்கும் தெரியும். தெருவில் எது தெரியாமல் போனது?

மேடம் படிவத்தைப் பிரித்தார். “நீங்கதான் ராமாத்தாளுங்களா?”

“இல்லைங்க.”

மேடம் நிமிர்ந்தார்.

“இந்த ஊருதானே?”

“இல்லைங்க.”

“வெங்காயம் அறுக்கிற வேலை செய்யறீங்க, இல்லையா?”

ராமாத்தாள் அக்கா கையிலிருந்த வெங்காயத்தை மெதுவாகக் கீழே வைத்தார். “இல்லைங்க.” சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் கொட்டகைக் கூரையில் ஓலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேடம் மருதாயி அத்தையிடம் திரும்பினார். “கல்யாணம் ஆயிருச்சுங்களா?”

“இல்லைங்க” என்றார் அத்தை. மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேடம் பேனாவை மூடினார். என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஐவரையும் பார்த்து மெல்லக் கேட்டார்:

“இந்தப் பொண்ணு முன்னாடியே வந்து உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாளா?”

ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். “இல்லைங்க.”

கொட்டகை முழுக்க அரிவாள்கள் நின்றுவிட்டன. முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஊருக்குத் திரும்பினால் அம்மாவோடு இதே வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம், இடமும் காலியாக இருக்கிறது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அப்போது அம்மா எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க டீச்சர், நானு இவளைப் பெத்தவளுங்க. இவ கேக்கறது இங்க ஒருத்தருக்கும் வெளங்கறதில்லீங்க. பெரிய படிப்புப் படிக்கற புள்ள வெயில்ல வந்து கேக்குது, இல்லைன்னா மொகம் சுருங்கிப்போயிருமேன்னு எல்லாரும் ஆமாங்கன்னு சொல்லிப்போட்டாங்க. நேத்து இவ வந்து இல்லைன்னு சொல்லச் சொன்னா. இன்னைக்கு அதச் சொல்றாங்க. சந்தேகமுங்கன்னா அந்தக் கடைசில இருக்கற சரசாளக் கேளுங்க. அவகிட்டயும் இவ முன்னால எழுதியிருக்கறா. நேத்து அவகிட்ட ஒண்ணும் பேசலீங்க.”

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஆய்வுக்கு ஆகாதவர் என்று நான் விலக்கி வைத்த ஒரே ஆளிடம்தான் உண்மை இருந்திருக்கிறது.

மேடம் சரசாளிடம் போனார். ஏழாவது வாக்கியத்தைப் படித்தார். “ஆமாங்க.” இருபத்திரண்டைப் படித்தார். “அதுவும் ஆமாங்க.” மேடம் கையிலிருந்த சரசாளின் படிவத்தில் இருந்த அதே பதில்கள்.

திரும்பி வந்தவரின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று இன்றுவரை தெரியாது.

“நீ படிவத்தைப் பொய்யா எழுதலை. நேத்து செஞ்சதுதான் தப்பு. அதை நான் வெளிய சொல்லப்போறதில்லை. ஆனா இந்த நாப்பதும் குப்பைக்குப் போகணும். முதல்லேருந்து செய்.”

அரை வருடம் பிடித்தது. இந்த முறை அட்டையும் படிவமும் இல்லை. நானும் அரிவாளோடு உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் கட்டைவிரலை அறுத்துக்கொண்டேன். ராமாத்தாள் அக்கா என் கையைத் தட்டிவிட்டு, “அப்படிப் புடிச்சா வெரலு துண்டாப் போயிரும்டி கழுத. நானெல்லாம் மூணு தடவ அறுத்துக்கிட்டுத்தான் கத்துக்கிட்டேன்” என்றார். அக்காவின் பேச்சில் ‘ங்க’ போய்விட்டது. பதில் வந்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்த கையோடு அதைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

கூடப் படித்தவர்கள் மேடையேறிப் பட்டம் வாங்கினார்கள். எனக்கு அது தபாலில் வந்தது. உறையைப் பிரித்து அம்மாவின் கையில் கொடுத்து, “பெருமையா இருக்குதாம்மா?” என்றேன்.

அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “நெசத்தச் சொல்லட்டுமா கண்ணு, ஆமான்னு சொல்லட்டுமா?”

அன்றிலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டது. இப்போது நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். கேள்வி கேட்பது எப்படி என்று நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “நெசமா, ஆமாவா?” என்கிறார்.

நான் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வருகிறேன்.