ஃபோனில் கேட்ட செட்

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். என் பற்களும் நலம், டாக்டரம்மாவே பார்த்துச் சொன்னார். உங்கள் கடைவாய்ப் பல்லும் சித்தப்பாவின் கோபமும் அடங்கியிருக்கும் என நம்புகிறேன்.

"வேலை செட் ஆயிடுச்சா?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட இடம். ஆனால் டாக்டரம்மா முதல் நாளே, "ஃபோன்ல பேசப் பழகிக்கோ, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். நானோ ஃபோன் அடித்தாலே திரைக்குப் பின்னால் போய் நிற்கிறவள். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்குப் பல் ஆஸ்பத்திரி இங்கிலீஷ் எங்கே புரியப்போகிறது என்று பயந்தேன். புரிந்துவிட்டது, சித்தி. முக்கால்வாசி ஒரே வார்த்தைதான்.

வாயில் மாட்டுவது பல்செட். அதற்கு அச்சு எடுக்கிற மாவு இறுகினால் செட் ஆயிடுச்சு. மாட்டிய பல் ஈறில் உரசினால் செட் ஆகலை. ஏசியைக் குறைக்கவும் "செட் பண்ணு", கருவித் தட்டை அடுக்கவும் "செட் பண்ணு". மருந்துக்கடைக்காரரும் கண்ணாடிக்கடை அக்காவும் சிரித்துப் பேசினால் "ரெண்டும் செட்டு". இத்தனூண்டு வார்த்தை ஒற்றை ஆளாக இத்தனை வேலை பார்க்கிறது, ஒரு நாள் லீவு கேட்டதில்லை. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதையில்தான் போன வாரம் துணிந்து ஃபோனை எடுத்தேன். ஓர் அம்மா, "செட் ஆயிடுச்சாம்மா?" என்றார். பல்செட்டுக்குக் காத்திருக்கும் தபால்காரத் தாத்தாவின் வீட்டம்மா என்று நினைத்து, "ஆயிடுச்சுங்க. கீழ்வரிசைதான் கொஞ்சம் ஆடுது. ரெண்டு நாள் வச்சுப் பாருங்க, பிடிக்கலேன்னா திருப்பிக் கொண்டாந்துடுங்க" என்றேன். டக்கென்று ஃபோனை வைத்துவிட்டார். டாக்டரம்மாவின் தம்பிக்குப் பேசியிருந்த பெண்ணின் அம்மாவாம் அது! சம்பந்தம் முடிவாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் பெண்ணையும் இழுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். "மாப்பிள்ளைக்குப் பல்லு ஆடுதாமே? திருப்பிக் குடுக்க அவரென்ன குடையா?" என்று போட்ட சத்தத்தில், வாய் பிளந்து படுத்திருந்தவர் வலி மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, பிடிக்கலேன்னா திருப்பிக் கொண்டாங்கன்னு சொன்ன ஒரே மாப்பிள்ளை வீடு இதுதான். எனக்குச் சரிம்மா!" என்றார்.

எல்லாரும் போனபின் டாக்டரம்மா முகமூடியைக் கழற்றி, "பேசினா கல்யாணத்தையே முடிக்கிறியேடி! இனிமே ஃபோன் உன்னோடது. நீ இங்க செட் ஆயிட்டே" என்றார். அவரைப் போல மனசு யாருக்கு வரும், சித்தி?

சித்தப்பாவுக்கு வணக்கம், குட்டிப் பயலுக்கு முத்தம். பல் தேய்க்காமல் தூங்க விடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: முந்தாநாள் ஃபோனில் ஒருவர், "புது மாடல் வந்திருக்கு, ஒரு செட் அனுப்பட்டுமா?" என்றார். கிளவுஸ்தானே என்று, கொஞ்சமும் கூச்சப்படாமல், "அனுப்புங்க" என்றேன். இப்போது வாசலில் லாரி நிற்கிறது. நாற்காலி, விளக்கு, எச்சில் துப்பும் தொட்டி எல்லாம் சேர்ந்துதான் ஒரு செட்டாம். நாலு பேர் இறக்குகிறார்கள். டாக்டரம்மா உள்ளே ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். அவர் வெளியே வந்தபின், உங்களிடம் இந்தக் கடிதம் முதலில் வந்து சேருமா, நான் முதலில் வந்து சேருவேனா தெரியவில்லை.